நடப்பதை எண்ண என் சித்தி நம்பர் எதற்கு?

ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறேன் என்று பார்க்கத்தான் ஒரு செயலியை இறக்கினேன். திறந்ததுமே இருப்பிடம் கேட்கிறது, மைக் கேட்கிறது, தொடர்பு எண்கள் எல்லாம் கேட்கிறது. நடப்பதை எண்ண என் சித்தி நம்பர் எதற்கு? மறுத்தால் மறுநாள் திரும்ப அதே கேள்வி. 'ஒப்புக்கொள்கிறேன்' பளிச்சென்று பச்சையில், பெரிதாக. 'மறுக்கிறேன்' மட்டும் வெளிறிய சாம்பலில், எறும்பு எழுத்தில்.

எடை, தூக்கம், மாதவிலக்குத் தேதி, போடுகிற மாத்திரை என்று எல்லாவற்றையும் உடல்நலச் செயலிகளில் பதிகிறோம். டாக்டரிடமே தயங்கித் தயங்கிச் சொல்கிற விஷயங்கள் இவை. மருந்துத் தள்ளுபடிச் செயலியான குட்ஆர்எக்ஸ், பயனர்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. அபராதம் 15 லட்சம் டாலர். அதற்கு 2 வருடம் முன்பு மாதவிலக்குச் செயலி ஃப்ளோ மீதும் இதே மாதிரி புகார். ஒரு டாக்டர் இப்படி ஊருக்கெல்லாம் சொன்னால் சும்மா விடுவோமா?

சரி, வேண்டாம் என்று செயலியை அழித்தாலும் சர்வரில் தகவல் அப்படியே கிடக்கும். கணக்கை நீக்கும் பொத்தானைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். அழுத்தினால், 'ஏன் போகிறீர்கள்? காரணம் சொல்லுங்கள்.' என் உடம்பு, என் தகவல். அதற்குக் காரணம் வேறு சொல்ல வேண்டுமா?