இடது சேனலில் மட்டும் கை வையுங்கள்

வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த ப்ரீஆம்ப், அதாவது பவர் ஆம்புக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் பெட்டி, வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்வார்கள். கூட வந்த வால்வைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, விலை கூடிய வேறொன்றைச் செருகுவார்கள். செருகிய கையோடு, "குரல் அப்படியே முன்னாடி வந்து நிக்குது சார்" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். இன்றைக்கு என் கருத்து வேறு: எதை மாற்றினாலும் ஒரு சேனலில் மட்டும் மாற்றி, இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் போர்டு, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீனத்து 6ஜே1 கிட். உள்ளங்கை அளவுதான் இருக்கும், 12 வோல்ட் ஏசி அடாப்டரே போதும். 6ஜே1 என்பது அமெரிக்க 6ஏகே5 வால்வின் சீனப் பங்காளி. ஐரோப்பாவில் அதற்கு ஈஎஃப்95 என்று பெயர். இன்னும் உறுதியாகச் செய்த வகை 5654. இரண்டாம் உலகப் போரில் ரேடார் ரிசீவர்களுக்குள் உழைத்த வம்சம் அது. டேட்டாஷீட்டைப் பிரித்தால் பிளேட்டுக்கு (வால்வுக்குள் எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு) 120 வோல்ட், 180 வோல்ட் என்று போட்டிருக்கும். என் போர்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 30 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பட்டினியில் கிடந்த சாக்கெட்டில்தான் ரஷ்ய வால்வு, அமெரிக்க வால்வு என்று மாற்றி மாற்றிப் போட்டு மாதக் கணக்கில் ருசி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த போர்டில் இன்னொரு கூத்து, வால்வு பேஸுக்கு அடியில் ஒரு எல்.இ.டி. வால்வு பளபளவென்று எரிகிற மாதிரி காட்டுவதற்காம். அதை வெட்டி எடுத்ததுதான் அந்த கிட்டில் நான் செய்ததிலேயே இன்றும் வெட்கப்படாத ஒரே மாற்றம். வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் சொந்த வெளிச்சம் மங்கல்தான். விளக்கை அணைத்துவிட்டுக் கிட்டே குனிந்தால் சாம்பல் பூத்த கங்கு மாதிரி தெரியும். அது போதாதா?

பிறகு 12ஏஎக்ஸ்7 என்ற வேறொரு வால்வை வைத்து நானே ஒரு ப்ரீஆம்ப் கட்டினேன். ஹெச்.டி. (வால்வுக்கு ஊட்டும் உயர் வோல்டேஜ்) 300 வோல்ட், பிளேட்டில் 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், எலக்ட்ரான்கள் கிளம்பும் கேத்தோடில் 1.5 கே, அதன் குறுக்கே 25 மைக்ரோ (மைக்ரோஃபாரட்) கண்டன்சர். 1950களின் ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்களில் தொடங்கி இன்றுவரை திரும்பத் திரும்ப வரையப்படும் சர்க்யூட்தான். சிக்னலைச் சுமார் அறுபது மடங்கு பெருக்கும். ஆனால் அறுபது மடங்கு எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. ரெக்கார்டு பிளேயரின் காந்த பிக்கப்பிலிருந்து சில மில்லிவோல்ட் மட்டும் வந்த காலத்தில் அந்தப் பெருக்கம் தேவைப்பட்டது. சி.டி. பிளேயரோ 2 வோல்ட் தருகிறது. பல பவர் ஆம்ப்களுக்கு ஒரு வோல்ட் போனாலே முழுச் சத்தம். விளைவு, வால்யூமை நகக்கண் அளவு திருப்பினால் தெருவே திரும்பிப் பார்த்தது.

"12ஏயூ7 போடுங்க, அதே பின், அதே ஹீட்டர்" என்பார்கள். பின்னும் ஹீட்டரும் அதேதான், பெருக்கமும் குறையும். ஆனால் கேத்தோடு ரெசிஸ்டரும் பிளேட் ரெசிஸ்டரும் பழைய வால்வுக்குத் தைத்த சட்டை. 12ஏயூ7 அதிகக் கரண்ட் இழுக்கும். என் செட்டில் 190 வோல்ட் கிட்டே நின்ற பிளேட் 90க்குப் பக்கம் இறங்கிவிட்டது. அதுவும் பாடத்தான் செய்யும். பாடுகிறது என்பதற்காகச் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

எனக்கு அதிகமாகப் பாடம் சொன்னது வால்வே இல்லை, வெளியே போகும் ஒரு 0.1 மைக்ரோ கண்டன்சர். என் பவர் ஆம்ப் ஐ.சி. வகை, உள்வாங்கும் தடை 10 கேதான். கண்டன்சரும் தடையும் இப்படிச் சிறிதாக இருந்தால், ஒரு எல்லைக்குக் கீழே அடிச்சத்தம் எல்லாம் தேய ஆரம்பித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பாதி காணாமல் போயிருந்தது. "வால்வு சத்தம்னா இப்படித்தான் மெலிசா, இனிமையா இருக்கும்போல" என்று பல மாதம் நம்பினேன். வீட்டுக்கு வந்தவர்களையும் நம்ப வைத்தேன், அதுதான் பெரிய பாவம். 1 மைக்ரோ போட்டதும் அந்த எல்லை பத்தில் ஒரு பங்காக இறங்கியது, தொப்பி திரும்பி வந்தது.

அப்போதும் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தேன். அந்த 12ஏஎக்ஸ்7 நிலையின் வெளியீட்டுத் தடையே (சிக்னல் வெளியே வரும் வழியில் நிற்கும் தடை) 40 கே பக்கம் இருக்கிறது. 10 கே ஆம்பை அதன் தலையில் கட்டினால் சிக்னலில் முக்கால்வாசி உள்ளேயே போய்விடும், வால்வும் திணறும். பழைய ஆட்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அமெரிக்காவில் டைனாகோ நிறுவனம் 1960களில் விற்ற பாஸ்-3 ப்ரீஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கேத்தோடு ஃபாலோவர் (வெளியீட்டுத் தடையைக் குறைக்கும் வால்வு நிலை) கிடையாது. அதற்கு எதிரே உட்காருவது அவர்களுடைய எஸ்டி-70 வால்வு ஆம்ப், உள்வாங்கும் தடை 470 கே. ஜோடிப் பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம். மராண்ட்ஸ் 7 செய்தவர்கள் முன்ஜாக்கிரதையாக வெளியே ஒரு கேத்தோடு ஃபாலோவர் வைத்தார்கள். இன்று அந்த பாஸ்-3ஐ வாங்கி, ட்ரான்சிஸ்டர் ஆம்போடு கட்டிவிட்டு, "டல்லா இருக்கு, எந்த வால்வு போடலாம்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்ல?

கேத்தோடு கண்டன்சரைக் கழற்றியதும் ஒரு கதை. அந்த 25 மைக்ரோ மாதிரி எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் சிக்னல் பாதையில் இருந்தால் அழுக்கு என்று எங்கோ படித்துவிட்டு அறுத்து எறிந்தேன். சத்தம் "தூய்மையாக" ஆனது. கணக்குப் போட்டால் பெருக்கம் அறுபதிலிருந்து முப்பது பக்கம் இறங்கியிருந்தது, வெளியீட்டுத் தடை 70 கே பக்கம் ஏறியிருந்தது. தூய்மை கீய்மை ஒன்றும் இல்லை, சத்தம் குறைந்ததைத்தான் தூய்மை என்று நினைத்திருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் சத்தம் கூடியதை "உயிர்ப்பு" என்றிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் இந்த வழக்கத்துக்கு வந்தேன். எந்த மாற்றமானாலும் இடது சேனலில் மட்டும். வலது சேனல் பழையபடியே கிடக்கும். ஸ்டீரியோ ப்ரீஆம்ப் என்பது ஒரே பெட்டிக்குள் ஒரே மாதிரி இரண்டு செட். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வசதி எங்கே கிடைக்கும்? பழைய மோனோ பாட்டு ஒன்றை இரண்டு சேனலுக்கும் கொடுங்கள். கேட்பது ஒரே ஸ்பீக்கரில், வயரை மாற்றி மாற்றி. அதற்கு முன்னால் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஃபோனிலிருந்து விட்டு, இரண்டு பக்கமும் ஏசி வோல்ட்டை மீட்டரில் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே பொய் சொல்லலாம். சமமாக்காமல் கேட்டால் சத்தம் கூடின பக்கம்தான் ஜெயிக்கும், எப்போதும்.

சோதனைக்கு என் தாய்மாமாவைக் கூப்பிட்டேன். மதுரைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இடது சேனலில் எண்ணெயில் ஊறிய காகிதக் கண்டன்சர், ஜோடிக்கு நான் கொடுத்த விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வலது சேனலில் சாதாரண மஞ்சள் பாலியஸ்டர். எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் ஆறேழு தடவை மாற்றிப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. ஆனா ஒரு பக்கம் ஹம் அடிக்குது, அதப் பாரு மொதல்ல."

ஹம், அதாவது மின்சாரத்திலிருந்து வரும் இரைச்சல், அடித்தது வலது பக்கம். எனக்கு அதுவரை கேட்கவே இல்லை, கண்டன்சரின் 'குணத்தை'த் தேடிக்கொண்டிருந்த காதுக்கு எப்படிக் கேட்கும்? அவரே ரகத்தையும் பிரித்தார். கரகரவென்று இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபயர் பக்கத்தில் ஃபில்டர் போதவில்லை. அடித்தொண்டையில் முனகினால் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் வயரையோ எர்த்தையோ பார்க்கணும். இது முனகல். திறந்து பார்த்தால் வலது வால்வுக்குப் போகும் ஹீட்டர் வயர் இரண்டும் முறுக்கப்படாமல், வால்வுக்குள் சிக்னல் நுழையும் கிரிட் வயரை உரசிக்கொண்டு கிடந்தன. முறுக்கி, சேஸிஸ் மூலையோடு ஒட்டி ஓட்டினேன். பைசா செலவில்லை. இத்தனை வருடத்தில் நான் செய்த மாற்றங்களிலேயே எல்லார் காதுக்கும் தெரிந்தது அதுதான்.

மாமா சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். பழைய வால்வு ரேடியோவில் காகிதக் கண்டன்சர்களை மாற்றுவது ரிப்பேர், மாற்றம் அல்ல. அவை கசிந்தால் அவுட்புட் வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, பிளேட் சிவந்து, கடைசியில் ட்ரான்ஸ்ஃபார்மரையும் தின்றுவிடும். அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நன்றாக ஓடும் பழைய மர்ஃபி, ஃபிலிப்ஸ் பெட்டியை வால்வுக்காகக் குடலை உருவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 12ஏஎக்ஸ்7 புதிதாகவே ஸ்லோவாகியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். சோதனைக்கு அது போதும். "பழைய டெலிஃபன்கன்" (ஜெர்மன் கம்பெனி வால்வு) என்று யாராவது விலை சொன்னால், அடிக்கண்ணாடியில் பின்களுக்கு நடுவே வார்த்த வைரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே உள்ள எழுத்தை அழித்து வேறு பெயர் அச்சடிப்பது பெரிய வித்தை இல்லை.

கை வைப்பதற்கு முன் ஒன்று. ஸ்விட்சை அணைத்தாலும் ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அந்த 47 மைக்ரோ கண்டன்சருக்குக் குறுக்கே 220 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்ற வையுங்கள், ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். வடிந்ததா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் விரல். என்னை ஒரு தடவை நாற்காலியோடு பின்னால் தள்ளியிருக்கிறது, அதை விவரிக்க விருப்பமில்லை.

வலது சேனலில் இன்னும் அந்த மஞ்சள் கண்டன்சர்தான் இருக்கிறது. வாங்கின ஜோடியில் மிச்சம் ஒன்று பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், வாங்கின விலையில் பாதி.