என் இன்ஜின்ல தெர்மோகோல் இல்லைங்க

"மேடம், டேங்க் கிளீன் பண்ணி எவ்ளோ நாளாச்சு?"

பெட்ரோல் போட வந்தவகிட்ட கேக்குற கேள்வியா இது? பரண் மேல ஒட்டடை அடிச்சு எவ்ளோ நாளாச்சுன்னு மாமியார் கேக்குற அதே தொனி. செங்கல்பட்டு தாண்டி ஒரு பங்க், ஞாயித்துக்கிழமை, மத்தியான வெயில். 2000 ரூபாய்க்குப் போடுங்கன்னு சொல்லிட்டு, ஜீரோ பாக்கலாம்னு இறங்கி நிக்கிறேன். அப்பத்தான் எங்கிருந்தோ ஒரு மஞ்ச டீ-ஷர்ட் வந்து எனக்கும் மீட்டருக்கும் நடுவுல நின்னுச்சு. கையில, இன்ஜின் உள்ள சுத்தமாகும்னு சொல்லி பெட்ரோல்ல கலக்க விக்கிற 60 மில்லி பாட்டில். இருமல் மருந்துகூட அதைவிடப் பெரிய பாட்டில்ல வரும்.

நான் வேண்டாம்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன். மூணு தடவை. வேண்டாம்ங்கிறதுக்கு அவர் ஊர்ல "டெமோ காட்டுங்க"ன்னு அர்த்தம் போல. சட்டைப் பையிலிருந்து ஒரு தெர்மோகோல் துண்டை எடுத்தார். ஒரு மூடியில பாட்டிலைச் சாய்ச்சு, துண்டை அதுல போட்டார். புஸ்ஸுன்னு கரைஞ்சுது. "பாத்தீங்களா மேடம், இப்படித்தான் உள்ள இருக்கிற கார்பன் கரையும்!"

அண்ணே, தெர்மோகோல் வெறும் பெட்ரோல்லயே கரையும். அந்த 299 ரூபாய் தீர்த்தமே வேண்டாம், பக்கத்துல பைப்புல சொட்டுறதைப் பிடிச்சு ஊத்தினாலே கரையும். கார்பன் அப்படிக் கரைஞ்சா மெக்கானிக் எதுக்கு இன்ஜின் மேல்மூடியான ஹெட்டைக் கழட்டிச் சுரண்டப் போறார்? தெர்மோகோலை நம்பி இந்த நாடு ஏற்கெனவே வைகை டேம்ல பட்டது போதாதா?

"இதுல என்ன இருக்கு?"ன்னு கேட்டேன். "கெமிக்கல் மேடம்." உப்புமாவுல என்னன்னு கேட்டா "சாப்பாடு"ன்னு சொல்ற மாதிரி. பாலிஈதர் அமீன் இருக்கான்னு கேட்டேன். பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர்ல, வால்வுல படியுறதை நிஜமாவே கொஞ்சம் எடுக்கிற சரக்கு அதுதான். நல்லா ஓடின பழைய வண்டிக்கு, இன்ஜெக்டர் அடைச்சு, நிக்கும்போதே இன்ஜின் குலுங்குற வண்டிக்கு, அது போதுமான அளவுல இருந்தா பிரயோஜனம் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு. புலி படம் இருக்கு, மின்னல் இருக்கு, 'ஜெர்மன் டெக்னாலஜி' இருக்கு. உள்ள என்ன, எவ்வளவுன்னு மட்டும் இல்லை.

நான் எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு இருக்கேன், அவர் ஒரு முடிவுக்கு வந்துட்டார். இந்தம்மாகிட்ட பேசிப் பிரயோஜனமில்லை. நேரா இடது பக்கக் கண்ணாடிக்குப் போய் என் வீட்டுக்காரர்கிட்ட, "சார், நீங்க சொல்லுங்க சார்."

சார்! வண்டி என் பேர்ல. ஓட்டுறது நான். ஆயில் மாத்துற தேதி ஞாபகம் வெச்சிருக்கிறது நான். அந்த சாருக்கு பானெட்டை எங்க இழுத்துத் திறக்கணும்னு 9 வருஷமா தெரியாது. மொபைல்லேருந்து தலையைத் தூக்காம சார் கேட்டார்: "மைலேஜ் கூடுமா?"

"20 பர்சென்ட் சார்! இ20 பெட்ரோலால வர்ற பிரச்சனைக்கே இதுதான் சார் மருந்து."

இ20-ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. அதுல குறையுற மைலேஜை எந்த பாட்டில் திருப்பிக் குடுக்கும்? சரி, கணக்கே போடுவோம். 299 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர் பெட்ரோல். என் டேங்க் 35 லிட்டர். முழு டேங்குல 3 லிட்டர் மிச்சமானாத்தான் பாட்டில் காசே கைக்கு வரும். என் தம்பி இதே கதையை நம்பி மாசம் ஒண்ணு ஊத்துறான், வால்வு சுத்தமாகும்னு. அவனது டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டி. பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுது, காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வுப் பக்கமே எட்டிப் பாக்குறதில்லை. மொட்டை மாடியில தண்ணி ஊத்திட்டு அடுப்படி கழுவியாச்சுன்னு சந்தோஷப்படுற கேஸ்.

இதையெல்லாம் நான் வாயைத் திறந்து சொல்றதுக்குள்ள டிங்குன்னு ஒரு சத்தம். சார் ஜிபே பண்ணிட்டார். "முன்னூறு ரூபாதானே, விடும்மா."

திரும்பிப் பாக்குறேன், மீட்டர் 2000-ல நிக்குது. எங்க ஆரம்பிச்சுது? தெரியாது. "ஜீரோ பாத்தீங்கல்ல மேடம்?"னு பைப் பிடிச்ச பையன் சிரிக்கிறான். தெர்மோகோல் பாத்தேன்டா தம்பி, ஜீரோ எங்க பாத்தேன்!

கூத்து அதோட முடியலை. பெட்ரோலோட கலக்கணும்னா பாட்டிலை முதல்ல ஊத்தி, அதுக்கப்புறம் ஃபில் பண்ணணும். இவர் வித்து முடிக்கிறதுக்குள்ள டேங்க் மூடியைப் போட்டுப் பூட்டியாச்சு. பின்னாடி லாரிக்காரர் ஹாரன்லேருந்து கையை எடுக்கலை. பாட்டிலை என் கையில திணிச்சுட்டு மஞ்ச டீ-ஷர்ட் அடுத்த டெமோவுக்குப் போயிட்டார். நான் அதைக் கதவுப் பையில சொருகிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு வண்டியை எடுத்தேன்.

மேல்மருவத்தூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் சார் சீட்டைச் சாய்ச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி கோத்துக்கிட்டு சொல்றார்: "பாத்தியா? ஊத்தினதும் வண்டி பஞ்சு மாதிரி போகுது. நீதான் எதையும் நம்ப மாட்டே."

கதவுப் பையில, என் முழங்காலுக்குப் பக்கத்துல, சீல்கூட உடையாம அந்தப் புலி என்னையே பாத்துட்டு இருந்துச்சு. எனக்கு வந்த சிரிப்புல வண்டியை ஓரம் கட்டலாமான்னு இருந்துச்சு. இப்ப வரைக்கும் அவர்கிட்ட சொல்லலை.

சிரிச்சு முடிக்கலை, ஆத்தூர் டோல். கேட் திறக்கலை. ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் இல்லை. வியாழக்கிழமையே ரீசார்ஜ் பண்ணிடறேன்னு சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க?