பியானோ கற்கும் குழந்தைக்கு ஆண்டுக்கு மூன்று இசைத் துண்டுகள் போதா

சென்னையில் பதினான்கு ஆண்டுகளாகச் சிறு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் முதல் கிரேடு எழுதலாம்?" என்பதுதான். கிரேடு என்பது படிப்படியாக எழுதும் இசைத் தேர்வு. பணமும் நேரமும் செலவழிப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த அவசரத்தில் குழந்தை எதை இழக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கிரேடு தேர்வில் மூன்று பீஸ்கள், அதாவது இசைத் துண்டுகள், வாசிக்க வேண்டும். இந்தத் தேர்வுகளை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்புகளில், டிரினிட்டியில் 100 மதிப்பெண்ணில் 66, ஏபிஆர்எஸ்எம்மில் 150இல் 90 அவற்றுக்கே உரியவை. தேர்வை நான் குறை சொல்லவில்லை. ஓராண்டில் கற்றதிலிருந்து ஒரு மாதிரியைத்தான் அது கேட்கிறது. அந்த மாதிரியையே முழுப் பாடமாக்கிக்கொண்டவர்கள் நாம். மூன்று பீஸ்களைப் பத்து மாதம் திரும்பத் திரும்ப வாசித்தால் விரல்கள் பழகிவிடும், கண்ணும் காதும் பழகுவதில்லை. வேறோர் இடத்தில் மூன்றாம் கிரேடில் மெரிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான தரம்) வாங்கிவிட்டு என்னிடம் வந்த ஒரு சிறுமியின் முன், முதல் கிரேடை விடவும் எளிதான, அவள் பார்த்திராத எட்டு பார் (தாளக் கட்டம்) இசையை வைத்தேன். இசைத்தாளின் கோடுகளை விரலால் கீழிருந்து எண்ணி எண்ணி இரண்டாவது பாரில் நின்றுவிட்டவள், "மிஸ், நீங்க ஒரு தடவை வாசிங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அவ்வளவு உழைத்த குழந்தைக்கு இசையைப் படிக்கக் கற்றுத்தராமல் விட்டிருக்கிறோமே என்று அன்று மனம் கனத்துப்போனது.

குழந்தைகளுக்கு எளிய இசை ஏராளமாக வேண்டும் என்பது பெரிய இசைமேதைகளுக்குத் தெரிந்திருந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன் 1848இல் தம் மகளின் பிறந்தநாளையொட்டி எழுதத் தொடங்கிய சிறு துண்டுகள்தாம் இளையோருக்கான தொகுப்பாக வளர்ந்தன. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் மைக்ரோகாஸ்மாஸ் என்ற பியானோ தொகுப்பில் 153 துண்டுகள். தொடக்கத்தில் உள்ளவை சில வரிகளுக்கு மேல் போவதில்லை. வாரத்துக்கு இரண்டு என்று வாசித்துப் போகும் பிள்ளைக்கு நொட்டேஷன் (இசைக்குறியீடு) தாய்மொழி எழுத்தைப் போலப் படிந்துவிடுகிறது.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் இருப்பது அழுத்தும்போது கனம் தெரியாத கட்டைகள் உள்ள 61 கட்டை கீபோர்டு என்றால், மென்மையாகவும் அழுத்தியும் வாசிப்பதை வகுப்பில் எவ்வளவு சொன்னாலும் விரலில் தங்காது. முடிந்தவர்கள் கனமான கட்டைகள் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்குங்கள்.

இந்த வேலையை விடாமல் என்னைப் பிடித்துவைத்திருப்பது எது என்றால், எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சொல்வேன். பிறந்தநாள் பாட்டை 'ஜி' என்ற சுரத்தில் தொடங்கி, வெள்ளைக் கட்டைகளிலேயே முழுவதும் வாசித்துவிட்டான். அதையே 'சி'யில் தொடங்கச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்தேன். மூன்று வரிகள் வெள்ளைக் கட்டையிலேயே ஓடின. நான்காவது வரியின் முதல் சுரத்தில் இடறியது. முகம் சுளித்தான், மறுபடி வாசித்தான், வாயால் பாடிப் பார்த்தான். பிறகு விரலை மெல்ல இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்தி, "இதுதான் மிஸ்! ஆனா இங்க மட்டும் ஏன் கறுப்பு?" என்று கேட்டான். ஸ்கேல் (சுரவரிசை) என்பது என்ன என்று நான் மூன்று வாரம் விளக்கியிருந்தாலும் அந்தக் கேள்வி அவனுக்குள் பிறந்திருக்காது. அடுத்த வாரம், நான் சொல்லாமலேயே, 'டி'யில் தொடங்கி வாசித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். இந்த முறை முதல் வரியிலேயே வேறொரு கறுப்புக் கட்டை வேண்டியிருந்ததாம்.

அவனை இந்த ஆண்டு தேர்வுக்கு அனுப்பவில்லை. அவன் அம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். உடன் சேர்ந்த பிள்ளைகள் எழுதுகிறார்களே என்றார். ஓராண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார். ஜூன் முதல் இதுவரை நாற்பத்தொரு சிறு துண்டுகளை வாசித்திருக்கிறான். ஒவ்வொன்றின் பெயரையும் தேதியோடு தன் நோட்டில் அவனே எழுதி வைத்திருக்கிறான்.