தீர்க்கதரிசி என்று சொல்லாதீர்கள்

மார்ச் 19, அவர் இறந்த நாள், வந்தால் போதும், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைத் 'தீர்க்கதரிசி' என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை. ஆருடம் சொல்கிறவர் தனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல மாட்டார். கிளார்க் கணக்கையும் சேர்த்துக் கொடுத்த ஆள்.

1945 அக்டோபரில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது வயது 27, பிரிட்டன் விமானப்படையில் ரேடார் வேலை. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியும் கூடவே சுற்றுவதால், கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்றார். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறக்க இன்னும் 12 வருஷம் இருந்தது. அந்தப் பாதையைப் பற்றி முன்பே எழுதியவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதில் எனக்குப் பிடித்ததே அவர் தவறவிட்ட இடம்தான். அவர் நினைத்தது ஆள் தங்கும் விண்வெளி நிலையம். வால்வு ரேடியோ காலமல்லவா? எரிந்துபோகிற வால்வைக் கழற்றி மாட்ட மேலே ஒருவர் இருந்தாக வேண்டுமே! இரண்டே வருஷத்தில் வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1964-ல் 'சின்காம் 3' செயற்கைக்கோள் அந்தப் பாதையில் போய் நின்றபோது உள்ளே யாரும் இல்லை. அந்த யோசனைக்குக் கிளார்க் காப்புரிமையும் வாங்கவில்லை, ஓய்வு நேரத்தில் நூறு கோடி டாலரைக் கோட்டைவிட்ட கதை என்று பிற்பாடு தன்னையே கிண்டல் செய்துகொண்டார்.

1956-ல் இலங்கைக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். காரணம் வானமில்லை, கடல். எடையில்லாமல் மிதப்பது எப்படி என்று பூமியிலேயே தெரிந்துகொள்ள முக்குளிப்பதுதான் வழி என்பார். திருகோணமலையில், போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேஸ்வரம் கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். சம்பந்தர் பாடிய தலத்தை ஒரு விண்வெளிப் பைத்தியம் நீருக்குள் தேடிப் போயிருக்கிறது! அப்புறம் போலியோவின் பின்விளைவு அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது.

2008-ல் பிப்ரவரி 27 சுஜாதா போனார், மூன்று வாரத்தில் இவர். அறிவியல் புனைகதை வாசிக்கிறவர்களுக்கு மோசமான வருஷம் அது.

அதற்கு முந்தைய டிசம்பரில், 90-வது பிறந்தநாளுக்கு ஒரு வீடியோவில் மூன்று ஆசைகள் சொன்னார். வேற்றுக்கிரக உயிருக்கு ஒரு சான்று, எண்ணெயை விட்டு வேறு எரிசக்தி. மூன்றாவது, ஐம்பது வருஷம் வாழ்ந்த இலங்கையில் நிலையான அமைதி. அதற்கு மட்டும் அவரிடம் கணக்கு எதுவும் இல்லை. கொழும்பில் அவரைப் புதைத்த நாளிலும் வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது.