ஈய ஏப்ரன் இருந்தால் மட்டும் போதாது

ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்தாலே புற்றுநோய் அபாயம் என்ற தொனியில், எக்ஸ்ரே பற்றி நான் படித்த ஒரு கட்டுரை அமைந்திருப்பது, சேலத்தில் எக்ஸ்ரே நுட்பனராகப் பணிபுரியும் எனக்கு வருத்தமளிக்கிறது. மார்பு எக்ஸ்ரேயில் நோயாளி பெறும் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு; இயற்கையிலிருந்தே நாம் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். வயிற்று சிடி ஸ்கேன் அப்படியல்ல, பல மில்லிசீவர்ட் ஆகும். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருபவர்கள் பழைய படத்தைக் கொண்டுவராததால் அதே ஸ்கேன் இங்கே மீண்டும் எடுக்கப்படுவதைத்தான் கட்டுரை கண்டித்திருக்க வேண்டும்.

ஊழியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களுக்கு விதித்துள்ள வரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. அதைக் கணக்கிட, நாங்கள் பெறும் கதிர்வீச்சைப் பதிவுசெய்ய உடையில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் மேசை இழுப்பறையில் கிடந்தால் அந்தக் கணக்குக்கு என்ன பொருள்? முன்பு நான் வேலை பார்த்த ஒரு மையத்தில், கதிர்வீச்சைத் தடுக்க ஊழியர்கள் அணியும் ஈய ஏப்ரனை நான்காக மடித்து முக்காலியில் போட்டு வைப்பார்கள். அதையே ஒருநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் விரிசல்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. அதை அணிந்துகொண்டுதான் அங்கிருந்த பெண் உதவியாளர், அழும் குழந்தைகளை ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பொறுப்பை ஒரே ஊழியரிடம் தொடர்ந்து சுமத்தவே கூடாது. கர்ப்பமாக இல்லாத உறவினர் ஒருவர், நல்ல ஏப்ரன் அணிந்து, நேர்க்கதிர் படாத பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளலாம்.