சீனாவில் பாயிண்டைத் தொடாதீர்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி நேற்றிரவு கூப்பிட்டார். தையல் மெஷின் உதிரி பாகங்கள் இறக்குமதி செய்கிறவர். அக்டோபரில் முதல் தடவையாக ஷாங்காய், குவாங்சோ, பெய்ஜிங் மூன்றையும் சுற்றி வரப் போகிறார். "அண்ணா, மேரியட்ல எண்பதாயிரம் பாயிண்ட் கிடக்குதுங்க. சீனாவுல தீத்துரட்டுங்களா?" என்றார். மேரியட் மாதிரி பெரிய ஹோட்டல் குழுமங்களில் மெம்பராகித் தங்கத் தங்கப் பாயிண்ட் சேரும், அதைக் காசுக்குப் பதிலாகக் கொடுத்தும் அறை எடுக்கலாம். "வேண்டாங்க, அங்க காசு குடுத்தே தங்குங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஓசியில் தங்கத்தானே பாயிண்ட் சேர்க்கிறோம், இந்த ஆள் என்ன இப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். போனில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு எளிது. சீனப் பெருநகரங்களில் பெரிய பிராண்ட் ஹோட்டல்கள் ஏராளம், போட்டியும் ஏராளம். ஷெரட்டன், ஹில்டன் தரத்தில் நல்ல அறை 700, 800 யுவானுக்கு எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய் சுற்றி வரும். லண்டனிலோ டோக்கியோவிலோ அதே பெயர்ப் பலகைக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். அங்கே செலவழித்தால் தங்கமாக இருக்கும் பாயிண்டைச் சீனாவில் செலவழித்தால் தவிட்டு விலைக்குப் போகும். இன்னொன்று, மெம்பர்களுக்குப் படிகள் உண்டு: மேரியட்டில் வருடத்துக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 என்றால் கோல்டு, 50 என்றால் பிளாட்டினம். இரவுகளின் எண்ணிக்கையை ஏற்ற வேண்டுமென்றால் அறை மலிவாக இருக்கிற ஊரில் ஏற்றுவதுதான் புத்தி. ஆகவே சீனாவில் சேருங்கள், வேறு ஊரில் செலவழியுங்கள்.

கூட வேலையாட்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு சேதி: மூன்று அறை போட்டால் மூன்றுக்கும் பாயிண்ட் வரும், ஆனால் இரவுக் கணக்கு ஒரே அறைக்குத்தான். மூன்று பெருக்கல் ஐந்து பதினைந்து என்று மனக்கோட்டை கட்டி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

விலையைப் பார்க்கும்போது அடியில் இருக்கும் சின்ன எழுத்தையும் படியுங்கள். பல ஹோட்டல்கள் முதலில் காட்டுவது வெறும் அறை வாடகை. அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 6 சதவீதம் வரி. மொத்தம் 16.6 சதவீதம். 800 என்று பார்த்தது பில்லில் 932.80 ஆக வரும். செக்-இன் செய்யும்போது இதற்கு மேல் ஒரு டெபாசிட்டும் பிடித்து வைப்பார்கள், பதறாதீர்கள், திரும்பி வந்துவிடும்.

சரி, மெம்பராக இருப்பதில் அங்கே என்னதான் லாபம்? காலைச் சாப்பாடு. சிரிக்காதீர்கள். அது சாப்பாடு அல்ல, கல்யாணப் பந்தி. ஒரு பக்கம் நூடுல்ஸை வெந்நீரில் முக்கி எடுத்துக்கொண்டே இருப்பார் ஒருவர். மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கும். என் இடம் எப்போதும் கடைசி மூலை. அங்கே பெரிய அண்டாவில் வெள்ளைக் கஞ்சி, பக்கத்தில் ஏழெட்டுக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள வகைகள். உப்பில் ஊறப்போட்ட கடுகுக் கிழங்கு ஒன்று இருக்கும், நம் ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இரண்டு கிண்ணம் கஞ்சியும் அதுவும் போதும், மத்தியானம் வரை தாங்கும். சைவக்காரர்களுக்கு அந்த மூலைதான் அடைக்கலம்.

ஆனால் ஒரே கார்டு எல்லா வாசலிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஹில்டனில் கோல்டு இருந்தாலே காலைச் சாப்பாடு கிடைக்கும். மேரியட்டில் பிளாட்டினம் வேண்டும். பிளாட்டினம் இருந்தால் மேரியட் குழுமத்தின் ஷெரட்டன், வெஸ்டின், ஜேடபிள்யூ மாதிரி பிராண்டுகளில் மெம்பர்களுக்கான லவுஞ்ச் திறக்கும், கிளம்பும் நாளில் மாலை 4 மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம். அதே கார்டை எடுத்துக்கொண்டு அதே குழுமத்தின் ரிட்ஸ்-கார்ல்டனுக்குப் போனால் லவுஞ்சும் இல்லை, இலவசக் காலைச் சாப்பாடும் இல்லை. அதிகப் பணம் கொடுத்தவனுக்குக் குறைந்த மரியாதை. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஊரில் செய்த முட்டாள்தனம் இது. ஒரு ஆப்பில் 90 யுவான் குறைவாகக் காட்டியது என்று அதில் போட்டேன். போய் இறங்கி கார்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் மொழிபெயர்ப்பு ஆப்பில் ஏதோ தட்டி போனை என் பக்கம் திருப்பினாள்: "இந்த முன்பதிவு வெளியிலிருந்து வந்தது. சலுகை பொருந்தாது." காலைச் சாப்பாடு ஒருவருக்கு 138 யுவான். நான்கு நாள். இரவுக் கணக்கும் ஏறவில்லை. கார்டை மதிக்க வேண்டுமென்றால் ஹோட்டலின் சொந்த ஆப்பிலோ தளத்திலோதான் போட வேண்டும். இது எழுதிய விதி, நான்தான் படிக்கவில்லை. வெளி ஆப்பை இப்போது வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறேன். சீனர்கள் புழங்கும் சிட்ரிப் மாதிரி ஆப்புகளில் ஹோட்டல் எந்த ஆண்டு திறந்தது, எப்போது புதுப்பித்தது என்று போட்டிருக்கும். அந்த ஆண்டை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அங்கே ஹோட்டல்களுக்குச் சீக்கிரம் வயதாகிவிடுகிறது. பதினைந்து வருடப் பழைய ஐந்து நட்சத்திரத்தை விட இரண்டு வருடப் புது நான்கு நட்சத்திரம் எத்தனையோ மேல்.

ஷாங்காய்க்கு வருவோம். எல்லோருக்கும் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் புடோங்கில் வானத்தைத் தொட்டுக்கொண்டு படுக்க ஆசை. வேர்ல்ட் ஃபைனான்சியல் சென்டரின் 79 முதல் 93-ஆம் மாடி வரை பார்க் ஹயட். பக்கத்தில் ஜின் மாவ் கோபுரத்தின் 53 முதல் 87 வரை கிராண்ட் ஹயட். நான் உயரத்தில் தங்கிய ஒரு காலை, திரையை விலக்கினால் ஜன்னல் முழுக்க வெள்ளை. மேகத்துக்குள் படுத்திருக்கிறேன். நகரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதற்கா அத்தனை காசு? மேலும் அந்தப் பக்கம் சாலைகள் அகலம், எதிரே தெரிகிற கடைக்குப் போகவே கால் வலிக்கும். நடந்து திரிகிறவர்களுக்கு ஆற்றின் மேற்குக் கரைதான், மக்கள் சதுக்கமோ ஜிங்கான் பக்கமோ. பண்ட் என்கிற ஆற்றங்கரை வீதியில் வால்டார்ஃப் அஸ்டோரியா அழகுதான். பழைய ஷாங்காய் கிளப் கட்டடம், 1910 வாக்கில் கட்டியது. ஆனால் அந்தப் பழைய கட்டடத்தில் இருப்பவை சூட் என்கிற பெரிய அறைத்தொகுதிகள் மட்டுமே. சாதாரண அறை போட்டால் பின்னால் இருக்கும் புது கோபுரத்தில் படுக்க வேண்டியதுதான். சோங்ஜியாங் மாவட்டத்தில் கல்குவாரிக் குழிக்குள் இறங்கிக் கட்டிய இன்டர்கான்டினென்டல், 2018-இல் திறந்தது, போட்டோவில் பிரமாதம். வேலையாகப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள், நகரத்திலிருந்து வெகுதூரம்.

டாக்சியில் ஏறி "மேரியட்" என்றால் ஓட்டுநர் விழிப்பார். அங்கே அதன் பெயர் வான்ஹாவ். ஹில்டன் ஷியர்துன், ஷெரட்டன் ஷிலாய்தங், கிராண்ட் ஹயட் ஜுன்யுவே, பார்க் ஹயட் போயுவே. ஒரே ஊரில் பத்து வான்ஹாவ் இருக்கும் என்பதால் இதுவும் போதாது. ஹோட்டல் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் இருக்கும் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு காட்டிவிடுங்கள்.

இனி விதிவிலக்கு. குவாங்சோவில் காண்டன் ஃபேர் வாரங்கள். 1957 முதல் நடக்கிற பெரிய ஏற்றுமதி வணிகச் சந்தை அது. வசந்தத்தில் ஏப்ரல் 15-லும் இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15-லும் ஆரம்பித்து மூன்று கட்டமாக நடக்கும். அந்த நாட்களில் 700 யுவான் அறை 2,000 கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். பாயிண்டை எடுங்கள் என்றால் இங்கேதான் எடுக்க வேண்டும். எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான பட்டியலையே மேரியட் 2022-இல் தூக்கிவிட்டது, இப்போது அதுவும் ஏறி இறங்குகிறது. ஆனாலும் காசு ஏறும் வேகத்துக்கு எப்போதும் ஏறுவதில்லை. ஹயட்டில் இன்னும் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் பாயிண்டில் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. சந்தை நடக்கிற பாஜோ கண்காட்சி வளாகத்தை ஒட்டியே வெஸ்டின் உண்டு, கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் எட்டாம் எண் மெட்ரோ பாதையில் எங்காவது போடுங்கள். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மூன்று நாள் இடைவெளி வரும், அப்போது விலை கொஞ்சம் மூச்சு விடும். அக்டோபர் 1 தேசிய தின விடுமுறை வாரமும் இதே கதைதான், எல்லா ஊரிலும்.

பெய்ஜிங்கில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. ஊர் பரந்து கிடக்கிறது. வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும். வாங்ஃபூஜிங் பக்கம் ஏதாவது போட்டுவிட்டால் பழைய அரண்மனைக்கும் தியானன்மென் சதுக்கத்துக்கும் நடந்தே போகலாம்.

நம்மவர்கள் சர்வதேச பிராண்டை விடாமல் பிடித்திருந்ததற்குப் பாயிண்ட் மட்டும் காரணமில்லை. முன்பெல்லாம் சின்ன ஹோட்டல்களில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கை விரிப்பார்கள். வெளிநாட்டவரை 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும், அது அவர்களுக்குத் தலைவலி. 2024-இல் அரசாங்கமே அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு அட்டூர், ஜி மாதிரி உள்ளூர் ஹோட்டல்களிலும் தங்கிப் பார்த்தேன். 400 யுவானுக்குப் புத்தம் புது அறை, தண்ணீர் கேட்டால் ஒரு ரோபோ லிஃப்டில் ஏறிக் கதவு வரை கொண்டு வருகிறது. என் கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் அங்கே மதிப்பில்லை, தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

தம்பிக்குக் கடைசியில் போட்டுக் கொடுத்தது இது: ஷாங்காயில் மூன்று இரவு காசு, குவாங்சோவில் அக்டோபர் 15 முதல் மூன்று இரவு பாயிண்ட், பெய்ஜிங்கில் இரண்டு இரவு காசு. காலையில் மறுபடி கூப்பிட்டார். "அண்ணா, ஒரே ஒரு ராத்திரி மட்டும் அந்த எழுபத்தொன்பதாவது மாடிங்க." சரி, போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.