எந்த ஊரில் எத்தனை நாள் இருந்தார்?

அக்கா மகள் எம்.ஏ.வில் மானிடவியல், அதாவது மக்களின் வாழ்க்கையை அவர்களோடு போய் இருந்து படிக்கிற பாடம், எடுக்கப் போகிறாள். வீட்டில் எல்லோரும் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன்: கல்லூரியின் பெயரை அப்புறம் பார்க்கலாம், பாடம் நடத்துகிறவர்கள் எந்த ஊரில் போய் இருந்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள் என்று முதலில் விசாரி.

காரணம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் பழங்குடி மக்களைப் பற்றிய பாடத்தை ஒரு ஆசிரியர் வருஷம் முழுக்க நோட்ஸாகவே சொல்லி எழுத வைத்தார். நல்ல மனுஷர். ஆனால் ஒரு மலைக்கிராமத்தில்கூட ராத்தங்கியதில்லை. எங்களில் யாருக்கும் அந்தப் பாடம் மனதில் ஒட்டவே இல்லை.

நம் மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பொருளியல் பள்ளியில் மானிடவியல் கற்பித்த கிறிஸ் ஃபுல்லர் 1976இல் மீனாட்சி கோயில் பட்டர்களிடம் ஆய்வைத் தொடங்கினார். 1984இல் வந்த புத்தகத்தில் பட்டர்கள் வருமானமும் மரியாதையும் குறைந்து சோர்ந்துபோய் இருக்கிறார்கள். அவர் திரும்பத் திரும்ப வந்தார். 2003இல் வந்த அடுத்த புத்தகத்தில் அதே குடும்பங்களின் பிள்ளைகள் ஆகமப் பாடசாலையில் படித்து, கை நிறையச் சம்பாதித்து நிமிர்ந்து நிற்கிறார்கள். முதல் புத்தகத்தோடு அவர் நின்றிருந்தால், பட்டர்கள் என்றால் நலிந்தவர்கள் என்றுதான் லண்டன் மாணவர்கள் இன்றும் படித்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவின் பௌடன் கல்லூரிப் பேராசிரியர் சாரா டிக்கியும் அப்படித்தான். 1980களில் இங்கே சினிமா பார்க்கும் ஏழை மக்களோடும் ரசிகர் மன்றங்களோடும் பழகி 1993இல் ஒரு புத்தகம் எழுதினார். இதே ஊரின் வர்க்க வாழ்க்கையைப் பற்றி 2016இல் இன்னொன்று. ஒரே ஊரோடு 30 வருஷப் பழக்கம்!

வெளிநாட்டுக்காரர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். தொ. பரமசிவன் தமிழ் வாத்தியார், தியாகராசர் கல்லூரியில் பாடம் எடுத்தவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அழகர் கோயில். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் அதை நூலாக வெளியிட்டது. கோயிலுக்கும் சுற்றியுள்ள சாதிகளுக்கும் என்ன உறவு, சித்திரைத் திருவிழாவில் திரியெடுத்து ஆடுகிறவர்கள், துருத்தி என்ற தோல்பையில் நீர் தெளிக்கிறவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று நேரில் கேட்டு எழுதியிருக்கிறார். வேலை பார்த்தது தமிழ்த்துறையில் என்றாலும், என் கணக்கில் அவர் முழு மானிடவியலாளர்.

இங்கே ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி. அதற்கு மேல் தேர்வு வேலை, விடைத்தாள், கல்லூரியின் தரம் பார்க்க நாக் குழு வந்தால் ஃபைல். இதில் உசிலம்பட்டிப் பக்கம் ஆறு மாதம் போய் இருந்து வா என்றால் எப்படிப் போவார்? பதவி உயர்வுக்கும் கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு கிராமத்தில் ஒரு வருஷம் இருந்ததற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது? மானிடவியல் நடத்துகிறவருக்குச் சம்பளத்தோடு களப்பணி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும். லேப் இல்லாமல் வேதியியல் நடத்தச் சொல்வோமா?

அக்கா மகள் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வருகிறாள்: ஆசிரியர் பெயர், களம், எத்தனை வருஷம், அந்த மக்களின் பேச்சு தெரியுமா. களத்துக்குப் போன ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள். அவளிடம் காட்டுகிறேன்.